ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய கிடார் கேசட்டுகள்

மில் கேட்டில் இப்போது செக்யூரிட்டியாக இருக்கும் கற்பகம் கேட்டதால் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு நூற்பு மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, கேட் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனேன்.

கற்பகத்தின் மகள் மதுரையில் காலேஜில் படிக்கிறாள். கிடார் கற்றுக்கொள்கிறாள். ஜாஸ் கிடார் ஆல்பங்களாகத் தேடிக் கேள் என்று அவளுடைய வாத்தியார் சொல்லியிருக்கிறார். எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கற்பகம் என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க அந்தக் கிடார் பாட்டு நெறயக் கேட்டிருக்கீகளாம்ல. எதக் கேக்கலாம்னு எழுதித் தாங்க.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“கேட்ல எல்லாருஞ் சொல்லுதாக.”

“எல்லாரும்னா யாரு?”

“கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டீகளா அண்ணாச்சி?”

அது தொழில் பழக்கம். கேட்டில் நின்றவன் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

ஆல்பங்களின் பேர் எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் வாசிக்க வராது. கற்பகத்தின் மகள் லீவுக்கு வந்தபோது செல்லில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நான் ஆமாம், இல்லை என்று சொன்னேன். ரெண்டு மூன்று நாளில் நாலு ஆல்பம் கண்டுபிடித்துவிட்டாள். பேரெல்லாம் அவளிடம் இருக்கிறது. நான் அவற்றை எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் ரசித்துக் கேட்டவன் இல்லை. சந்தேகப்பட்டுக் கேட்டவன்.

வேலைக்குச் சேர்ந்த கதையில் ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்தார்கள். ஓடச் சொன்னார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். கொஞ்ச காலம் சைக்கிள் ஷெட்டில் நின்றேன். பிறகு கேட்டுக்கு வந்தேன்.

கேட்டில் எனக்கு மேலே இருந்தவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். சுந்தரபாண்டியத்துக்காரர். பேர் வேலாயுதம். யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹவில்தார் என்பார்கள்.

ஹவில்தார் சத்தம் போட மாட்டார். பையைச் சோதிக்கும்போது பையைப் பார்க்க மாட்டார், பை கொடுத்தவனின் செருப்பைப் பார்ப்பார். நான் பைக்குள் கை விடும்போது அவன் கால் நகர்ந்தால், “தம்பி, செத்த நேரம் உள்ள உக்காருங்க” என்பார். திருட்டு என்ற சொல் அவர் வாயில் வராது. சாமான் நடக்குது என்பார். நூல் கோன் நடக்கும். பாபின் நடக்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் போடும் டிராவலர் அதிகம் நடக்கும். அது நகம் அளவுகூட இல்லாத கம்பி வளையம். ஒரு டப்பா டிராவலரை டிபன் கேரியரில் சோற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். சோற்றைக் கிளறிப் பார்ப்பது என் வேலை. வீட்டுக்குப் போகும் கேரியரில் சோறு மிச்சம் இருந்தாலே சந்தேகம்தான்.

ஷிஃப்ட் விட்டு வெளியே போகிறவர்கள் எல்லாரையும் முழுசாகச் சோதிக்க முடியாது. அதற்கு ஒரு பானை வைத்திருந்தோம். வாய் குறுகிய பானை. உள்ளே கோலிக்குண்டுகள் கிடக்கும். வெள்ளை அதிகம், சிவப்பு கொஞ்சம். போகிறவர் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வீட்டுக்கு. சிவப்பு வந்தால் உள்ளறைக்கு. யார் மேலும் தனியாகச் சந்தேகப்பட்டதாகப் பேர் வராது.

நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்த்த பெண்கள் அந்த இடத்தில் கேலி பேசாமல் போக மாட்டார்கள்.

“ஏட்டி, பானைக்குள்ள என்ன, சினை ஆட்டுக்குக் குட்டி பாக்குறியா? வெரசா எடு.”

“செவப்பு வந்தா ஒன்னயவும் கூட்டிக்கிட்டுத்தான் உள்ள போவேன், பேசாம நில்லு.”

ஆபீசர்கள் பானையில் கை விட வேண்டியதில்லை. அப்படித்தான் வழக்கம். ஹவில்தார் மட்டும் தன் வேலை முடிந்து போகும்போது கை விடுவார். சிவப்பு வந்தால் அவரே உள்ளறைக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நான் சோதிப்பேன். ஒருமுறை கூச்சப்பட்டு மேலோட்டமாகத் தடவிவிட்டேன். “முத்தையா, திரும்பப் பாரு” என்றார். திரும்பப் பார்த்தேன்.

ஹவில்தாரைத் தவிர பானையில் கை விட்ட இன்னொரு மேலாள் டேவிட் சார். எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். மெட்ராஸ் பக்கம் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். கல்யாணம் செய்யவில்லை. மில் காம்பவுண்டுக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் இருந்தார். எப்போதாவது வெளியே போனால் சிரித்துக்கொண்டே பானைக்குள் கையை விடுவார்.

“நல்ல மனுஷன்” என்றேன் ஹவில்தாரிடம்.

“கேக்காமலே கை நீட்டுதாரு. ஏன்னு பாத்துக்கிடு” என்றார் அவர்.

அந்த நேரத்தில் மில்லில் சங்கம் வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஸ்பின்னிங் ஆட்கள் எங்கோ கூடுகிறார்கள் என்று மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியும். எங்கே, என்றைக்கு என்பது தெரியாது. நோட்டீஸ் இல்லை. தட்டி இல்லை. யாரும் யாரிடமும் நின்று பேசுவதைக் காணோம். ஆனால் ஷிஃப்ட் விட்டதும் ஒரே நாளில் எல்லாரும் ஒரு பக்கமாகப் போகிறார்கள். எப்படிச் சேதி போகிறது என்று லேபர் ஆபீசருக்குத் தூக்கம் இல்லை. அவர் புதிதாக வந்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டார்.

வேறொரு ஊரில் சங்கத் தலைவர் பேசியதைக் கேசட்டில் பதிந்து ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் ஒரு ஆர்டர் போட்டார். உள்ளே வரும் கேசட் எதுவானாலும் கேட்டில் வாங்கி, ரெண்டு பக்கமும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆபீசர் கேசட்டுக்கும் அதேதான்.

சினிமாப் பாட்டுக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாதது ராமராஜ் ஒருவன்தான். அவன் டேவிட் சாருக்குக் கீழே ஒயர்மேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். என்னைவிட இளையவன். வாய் அதிகம்.

டேவிட் சாருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து இசைத்தட்டுகள் அனுப்புவார். எல்லாம் ஜாஸ் கிடார். சாரிடம் தட்டுப் போடும் பெட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் தட்டுகளைக் கொடுத்து வைத்திருந்தார். கடைக்காரர் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார். அதை ராமராஜ் கொண்டுவருவான்.

கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்போம் என்று சாரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டார்.

“நல்லாக் கேளு முத்தையா. முழுசாக் கேளு. என்கூட பேசுறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் கெடைச்சான்.”

அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நடைமுறை இப்படி. காலை ஷிஃப்டுக்குக் கூட்டம் வரிசையில் வரும். ராமராஜ் கேசட்டை நீட்டுவான். நான் உறையைக் கழற்றிப் பார்ப்பேன். கேசட்டை வெயில் வரும் பக்கம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே காகிதத் துண்டு இருந்தால் நிழல் தெரியும். அப்புறம் சீட்டு ஒட்டி, கேட்டை ஒட்டியிருந்த டைம் ஆபீஸ் அறைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுவேன். கூட்டம் ஓய்ந்ததும் உட்கார்ந்து கேட்பேன். டைம் ஆபீஸில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது, ரேடியோ, கேசட் ரெண்டும் உண்டு, பேச்சைப் பதியவும் செய்யும். இந்த வேலைக்கென்று லேபர் ஆபீசர் வாங்கிக் கொடுத்தது. ஹவில்தார் அதை மேஜைக் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். “இதுவும் நடக்கும்” என்றார்.

முதல் கேசட்டில் ஒரே ஒரு கிடார். வேறு வாத்தியம் இல்லை. எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே மனிதக் குரல். முனகல் மாதிரி. நிறுத்தி, திருப்பிப் போட்டுக் கேட்டேன். குரல்தான். அது போக, யாரோ மேஜையில் தட்டுகிற சத்தம். ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. சங்கேதம் என்று முடிவு செய்து ஹவில்தாரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு டேவிட் சாரை வரச் சொன்னார்.

சார் தலையைச் சாய்த்துக் கேட்டார். “முனகுறது வாசிக்கிறவர்தான். வெரல் போற எடத்துக்குக் கூடவே தொண்டையும் போகும். அவருக்கு அது தெரியாது” என்றார். தட்டுகிற சத்தம் வந்ததும் மேலே பார்த்தார். கையை நீட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தார். தட்டு நின்றுவிட்டது.

“அது நம்ம ஃபேன், முத்தையா.”

அந்த ஃபேனின் தண்டு வளைந்திருந்தது. சுற்றும்போது டக் டக், செத்த இடைவெளி, டக். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தும் நான் கவனித்ததில்லை.

“கேக்கணும்னா அத நிறுத்திட்டுக் கேளு.”

“வேர்க்கும் சார்.”

“வேர்க்கட்டும்.”

ஹவில்தார் சிரிக்கவில்லை. இதை லேபர் ஆபீசருக்குச் சொல்லவும் இல்லை. ரிப்போர்ட்டில் கிடார் என்று மட்டும் எழுதச் சொன்னார். இதுதான் நான் கேட்கச் சொல்லும் முதல் ஆல்பம். முனகல் வரும் இடத்தைக் கவனியுங்கள். வாசிக்கத் தடுமாறும் இடத்தில் முனகல் நின்றுபோகும். பொய் சொல்ல ஆரம்பிக்கிறவன் ஒரு நொடி மூச்சைப் பிடிப்பானே, அதே மாதிரி.

ரெண்டாவது, ஏதோ ஹோட்டலில் ஆட்களுக்கு நடுவில் வாசித்தது. தம்ளர் சத்தம், இருமல், ஒரு பெண் சிரிப்பது, கடைசியில் கைதட்டு. கூட்டம் நடக்கிற இடத்தில் பதிந்தது என்று நான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு கைதட்டுக்குப் பிறகும் யாராவது பேசுவார்களா என்று காது கொடுத்தேன். யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு இடத்தில் இருமல்காரர் இருமுகிறார், கிடார்க்காரர் அந்த இருமல் முடிகிற வரைக்கும் காத்திருந்து அடுத்ததை வாசிக்கிறார். அந்த இடத்துக்காகவே அதைக் கேட்கலாம்.

மூன்றாவது, ரெண்டு கிடார். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். இயர்போனில் கேட்டால் பிரிந்து வரும் என்று கற்பகத்தின் மகள் சொல்கிறாள். எனக்கு அந்த டூ-இன்-ஒன்னிலேயே பிரிந்து கேட்டது. ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார். திரும்பக் கேட்கிறார். இவர் வேறு எதையோ சொல்கிறார். கேட்டில் தினமும் நான் பார்க்கும் சங்கதி. நாலில் எனக்குப் பிடித்தது இதுதான். இந்தக் கேசட் மட்டும் மூன்று தடவை வந்தது. ஏன் என்று டேவிட் சாரிடம் கேட்டேன்.

“கேட்டுக் கேட்டுத் தேஞ்சு போச்சு முத்தையா” என்றார்.

வாங்கிக் கொஞ்ச நாள் ஆன கேசட் எப்படித் தேயும் என்று எனக்கு விளங்கவில்லை. சார் சொன்னார். விட்டுவிட்டேன்.

ராமராஜ் என்னைக் கேலி செய்வான்.

“என்னண்ணே, இன்னைக்கு எந்தப் பாட்டுல தீவிரவாதியப் புடிச்சீங்க?”

“ஒனக்கு இந்தப் பாட்டு புடிக்குமால?”

“பூனைய வாளிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்கு. கொண்டாரச் சொல்லுதாரு, கொண்டாரேன்.”

இனி நாலாவது. இதில் கிடாரோடு ஒரு ஆர்கனும் உண்டு. அது தூரத்தில் ரிங் ஃபிரேம் ஓடுவது போல இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் கிடார் மெதுவாக நடக்கும். மெத்தென்ற பாட்டு. இந்தக் கேசட்டில்தான் குரல் இருந்தது.

கேசட் வந்து தகரப் பெட்டிக்குள் போன அன்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் எனக்கு வார லீவு. அதற்கடுத்த நாள்தான் கேட்டேன். ரெண்டாம் பக்கம் பாதியில் கிடார் வெட்டுப்பட்டு நின்றது. டப் என்றது. பிறகு ஒரு ஆம்பளைக் குரல். வாயில் துணி வைத்துப் பேசுகிற மாதிரி.

“வெள்ளிக்கெழம சாயந்திரம் கூட்டம். ஸ்பின்னிங் ஆளுக எல்லாரும் வரணும். எடத்த ராமராஜ் சொல்லுவான்.”

மறுபடி டப். கிடார் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதேதான். உட்கார்ந்தபடியே இருந்தேன். இத்தனை கேசட்டிலும் நான் தேடியது இதைத்தான். கிடைத்ததும் சந்தோஷம் வரவில்லை. ராமராஜ் பல வருஷம் பதிலி ஆளாக இருந்து, அந்த வருஷம்தான் பெர்மனென்ட் ஆகியிருந்தான். வீட்டில் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேரோடு வெளியே அனுப்பினால் இந்த வட்டாரத்தில் எந்த மில்லும் அவனைக் கேட்டுக்குள் விடாது.

அப்போது லேபர் ஆபீசர் கதவைத் திறந்தார்.

“என்னப்பா, ஏதாச்சும் இருந்ததா?”

அதுவரைக்கும் அவர் டைம் ஆபீஸுக்கு வந்து கேட்டதே கிடையாது. சாயந்திரம் ரிப்போர்ட் போனால் பார்ப்பார்.

“இன்னும் முடியல சார்.”

“ரெண்டாவது பக்கமா?”

“ஆமா சார்.”

போய்விட்டார். ரெண்டாவது பக்கத்தைப் பற்றி ஏன் கேட்டார் என்று யோசித்தேன்.

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். கேசட்டின் மேல் விளிம்பில் ரெண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். ஒடித்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. டேவிட் சார் எல்லாக் கேசட்டிலும் ரெண்டையும் ஒடித்துத் தரச் சொல்வார். இதிலும் ஒடிந்துதான் இருந்தது. ஆனால் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பசை. பசையில் பஞ்சு இழை. மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி எடுத்த தடம். ஓட்டையை அப்படி அடைத்தால் மறுபடி பதியலாம். பிளாஸ்திரி எங்கள் ஊரில் யார் வீட்டிலும் இருக்கும். அதை வைத்து யாரையும் சொல்ல முடியாது. கடையிலேயே ஒட்டிப் பதிந்திருக்கலாம். ராமராஜே ஒட்டியிருக்கலாம்.

மூன்றாம் தடவை போட்டேன். அந்த இடத்தில் ஏதோ எனக்குப் பழக்கமான சத்தம் இருந்தது. குரலுக்குப் பின்னால். என்ன என்று பிடிபடவில்லை. பிறகு எழுந்து ஃபேனை நிறுத்தினேன். இறக்கை முழுசாக நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன். மறுபடி போட்டேன்.

ஃபேன் நின்றிருந்தது. ஃபேன் சத்தம் நிற்கவில்லை.

டக் டக், செத்த இடைவெளி, டக். குரல் இருக்கிற வரைக்கும் இருந்தது. குரல் முடிந்து டப் என்றதும் அதுவும் முடிந்தது. கிடார் ஓடுகிற இடத்தில் அது இல்லை. கடையில் ஒயர் வழியாக ஏற்றுகிறார்கள், அங்கே அறைச் சத்தம் விழாது. இந்தக் குரல் நான் உட்கார்ந்திருந்த அறையில், சங்கிலி போட்ட அந்தப் பெட்டியில், அந்த ஃபேனுக்குக் கீழே பதிந்தது.

அறைச் சாவியும் தகரப் பெட்டிச் சாவியும் சேர்ந்த கொத்து ரெண்டு. ஒன்று எங்களிடம் இருக்கும். நான் லீவில் இருந்த அன்று அது ஹவில்தார் இடுப்பில் இருந்தது. இன்னொன்று லேபர் ஆபீசரிடம்.

ஹவில்தாரிடம் போனேன். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

“ஐயா, நேத்து சாவி ஒங்ககிட்ட இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“யாருக்கும் குடுத்தீகளா?”

என் செருப்பைப் பார்த்தார். நான் நகரவில்லை.

“குடுக்கல. நீ கேட்டது சரி” என்றார். “வா, போவோம்.”

வந்து கேட்டார். ஃபேன் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. ராமராஜைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தார். அவனுக்கு என்ன விஷயம் என்று சொல்லவில்லை. பிறகு ஆள் அனுப்பி லேபர் ஆபீசரை வரச் சொன்னார்.

உச்சி வெயில். பஞ்சு பிரிக்கும் புளோ ரூம் இரைச்சல் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். ஃபேன் இல்லை. லேபர் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹவில்தார் நின்றார். நான் கேசட்டைப் போட்டேன்.

குரல் வந்தது. “எடத்த ராமராஜ் சொல்லுவான்” என்பதைக் கேட்டதும் லேபர் ஆபீசர் கதவுக்கு வெளியே நின்றவனைப் பார்த்தார்.

“இதுக்கு மேல என்ன வேணும்? இன்னைக்கே அவன வெளிய அனுப்பணும்.”

“இன்னொரு தடவ கேட்டுக்கிடுங்க சார்” என்றார் ஹவில்தார். “முத்தையா, சத்தத்தக் கூட்டு.”

கூட்டினேன். குரல் பெரிதாக வந்தது. டக் டக்கும் பெரிதாக வந்தது. லேபர் ஆபீசர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு மேலே பார்த்தார். இறக்கை அசையாமல் நின்றது. பெட்டியைப் பார்த்தார். எழுந்து கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

“வேர்க்குது” என்றார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. இப்போது ரெண்டு டக் டக். மேலே ஒன்று, பெட்டிக்குள் ஒன்று. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் சேர்ந்து, மறுபடி விலகியது. அறையில் இருந்த மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டப் என்றதும் பெட்டிக்குள் இருந்தது நின்றது. கிடார் வந்தது.

“மேல எதுவும் விசாரிக்கணுமா சார்?” என்றார் ஹவில்தார்.

லேபர் ஆபீசர் சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்தார். “வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹவில்தார் வாசலுக்கு வந்தார். “தம்பி, வேலைக்குப் போங்க.”

“எதுக்கு நிக்க வச்சீங்கன்னு சொல்லலயே” என்றான் ராமராஜ்.

“சும்மா. செவப்பு குண்டு வந்துச்சுன்னு வச்சுக்கிடுங்க.”

யார் மேலும் நடவடிக்கை இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். வாயில் துணி இருந்தது. அடுத்த வாரம் கேசட் கேட்கும் ஆர்டரை எடுத்துவிட்டார்கள். டூ-இன்-ஒன்னைச் சங்கிலி அவிழ்த்துக் கொண்டு போனார்கள். சில மாதத்தில் சங்கம் பதிவானது. ராமராஜ் அதில் செயலாளர். கேசட்டில் அவன் பேர் இருந்ததை அதற்குப் பிறகுதான் அவனிடம் சொன்னேன். டேவிட் சார் ஊரை விட்டுப் போகும்போது இந்த நாலு கேசட்டையும் எனக்குக் கொடுத்தார். எதற்குக் கொடுக்கிறார் என்று கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பழைய பெட்டி வாங்கிக் கேட்க ஆரம்பித்தேன். நாலாவது கேசட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் குரல்தான். அதற்கு அடியில் அழிந்துபோனது என்ன என்று தெரியாமலே இருந்தது.

போன மாதம் கற்பகத்தின் மகள் அந்த ஆல்பத்தைக் கண்டுபிடித்தாள். “தாத்தா, இதுவா?” என்றாள். இதுதான். அந்த இடம் வருவதற்குள் நிறுத்தச் சொன்னேன். ராமராஜுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அவனும் ரிட்டயர் ஆகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். கற்பகமும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபேனை நிறுத்தினேன்.

“எதுக்குண்ணே இந்த வெக்கையில?”

“பேசாம கேளுல. ஒன் வேல போயிருக்க வேண்டிய எடம் இது.”

குரல் இருந்த இடத்தில் கிடாரே இல்லை. கிடார்க்காரர் வாசிப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஆர்கன் மட்டும் தனியாக இழுக்கிறது. பிறகு ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார். அவ்வளவுதான். நான் ரெண்டு தடவை கேட்டேன். கற்பகத்தின் மகள் தலையை ஆட்டினாள். ராமராஜ் கொட்டாவி விட்டான்.

“இம்புட்டு வருஷமாவா இத நெனச்சுக்கிட்டிருந்தீங்க?”

“யாரோ பொய்யா பதிஞ்சாக. அது சரி. ஆனா நெசமாவே சேதி எப்படிலே போச்சு?”

“அது எதுக்கு இப்போ.”

“எல்லாரும் ரிட்டயர் ஆயாச்சு. சொல்லு.”

பால்கோவாவை விரலால் எடுத்து வாயில் போட்டான்.

“நீங்க கேசட்டத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல பாப்பீங்கள்ல.”

“ஆமா.”

“பின்னால ஷிஃப்டே வரிசையில நிக்கும்.”

“ஆமா.”

“அதான்ணே. அந்த ஆர்டர் வந்த பொறவு, நீங்க தூக்குனா அன்னைக்குச் சாயந்திரம் கூட்டம். எடம் எப்பவும் ஒரே எடந்தான்.”

கற்பகம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். ரெண்டு பக்கமும் முழுசாகக் கேட்டிருக்கிறேன். ஒன்றையும் விட்டதில்லை.

“டேவிட் சாருக்குத் தெரியுமா?”

“அவருக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே. பாவம், பாட்டுக் கேக்க வாங்குனாரு.”

“அப்போ அந்த ரெண்டு கிடார் கேசட்டு எதுக்குல மூணு தடவ வந்துச்சு? தேஞ்சு போச்சுன்னு சாருதான எங்கிட்ட சொன்னாரு?”

ராமராஜ் எழுந்தான். கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டான்.

“வேர்க்குதுண்ணே” என்றான்.